புள்ளி இருக்கிறது, வட்டம் எங்கே? யு.எஸ்.ஜி.எஸ் நிலநடுக்கப் பக்கம்: ஒரு பழைய சர்வேயரின் மதிப்புரை

நான் நில அளவைத் துறையில் முப்பத்தோரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். செயின் இழுத்திருக்கிறேன், கிராஸ் ஸ்டாஃப் நட்டிருக்கிறேன், கடைசிக் காலத்தில் டோட்டல் ஸ்டேஷனும் கையில் கொடுத்தார்கள். இந்தத் தொழில் போகும்போது ஒரு வியாதியை விட்டுவிட்டுப் போகும். யாராவது ஓர் இடத்தைச் சொன்னால், "சரி, எத்தனை லிங்க் முன்னே பின்னே?" என்று கேட்காமல் இருக்க முடியாது. ஒரு லிங்க் என்பது இருபது சென்டிமீட்டர். அந்த இருபது சென்டிமீட்டருக்காக அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போனதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன்.

மகள் போர்ட் பிளேரில் இருக்கிறாள். ஊருக்கு இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர், ஆனால் எங்கள் வீட்டில் வாய் பழகவில்லை. அங்கே பூமி ஆடுவது இங்கே மின்சாரம் போவது மாதிரி, அவ்வப்போது நடக்கும். ராத்திரி பதினொரு மணிக்கு போன் வரும். "அப்பா, இப்ப ஆடுச்சுப்பா. எங்கேன்னு பாருங்க." நானும் கண்ணாடியைத் தேடி எடுத்து, யு.எஸ்.ஜி.எஸ் பக்கத்தைத் திறப்பேன். அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் என்று செய்தித்தாளில் வருகிறதே, அவர்களுடையதுதான். நான்கு வருடமாக இதே வேலை. அந்த அனுபவத்தில்தான் இந்த மதிப்புரை.

முதலில் சொல்லவேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, கணக்குத் தொடங்கச் சொல்வதில்லை. கொலராடோவில் கோல்டன் என்ற ஊரில் இருக்கும் அவர்களுடைய மையம் இரவு பகலாக ஓடுகிறது. வருடத்துக்குச் சுமார் 20,000 நிலநடுக்கங்களுக்கு இடம் குறிக்கிறார்கள். வரைபடம் நன்றாக இருக்கிறது. என் போனில் கொஞ்சம் மெதுவாகத் திறக்கும், அது என் போனின் வயசு. இதெல்லாம் யாரும் எழுதலாம். நான் எழுத வந்தது வேறு விஷயம்.

ஒரு நிலநடுக்கத்தைத் தொட்டால் முதலில் வருகிற பக்கத்தில் அளவு, நேரம், அட்ச தீர்க்க ரேகை, ஆழம் எல்லாம் இருக்கும். நடுவே ஒரு நட்சத்திரக் குறி. தொலைக்காட்சிக்காரர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். "கடலுக்கடியில் 10 கிலோமீட்டர் ஆழத்தில் மையம் கொண்டிருந்தது" என்று புயல் செய்தி மாதிரி வாசிப்பார்கள். ஆனால் அந்தப் பக்கத்தில் கொஞ்சம் கீழே போனால் 'ஆரிஜின்' என்று ஒரு கட்டம் உண்டு. அதைத் தொடுங்கள். சர்வேயருக்குப் புதையல் அங்கேதான்.

அங்கே இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ± குறி இருக்கும். இத்தனை கிலோமீட்டர் முன்னே பின்னே. ஆழத்துக்கும் ஒரு ±. அதற்குக் கீழே நிலநடுக்கத்தைப் பதிவு செய்யும் நிலையங்களில் எத்தனையின் பதிவு பயன்பட்டது, மிக அருகிலிருந்த நிலையம் எவ்வளவு தூரம், நிலையங்களுக்கு இடையே திசையில் எவ்வளவு பெரிய ஓட்டை, கணக்கிட்ட நேரத்துக்கும் பதிவான நேரத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று வரிசையாக எண்கள். எங்கள் காலத்தில் வயல் அளவுகளைக் குறித்து வைக்கும் எஃப்.எம்.பி புத்தகத்தில் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைக்கும் குறிப்புகள் மாதிரி. தன் அளவை தானே சந்தேகப்பட்டு எழுதி வைக்கிறவனை எனக்குப் பிடிக்கும். இந்தப் பக்கத்தை எனக்குப் பிடித்துப்போனது அந்தக் கட்டத்தால்தான்.

பள்ளிப் புத்தகத்தில் ஒரு படம் பார்த்திருப்பீர்கள். மூன்று நிலையங்கள், மூன்று வட்டங்கள், மூன்றும் ஒரே புள்ளியில் வெட்டிக்கொள்ளும், அதுதான் நிலநடுக்க மையம். பேத்தியின் புத்தகத்தில் அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். பிளேன் டேபிளில், அதாவது களத்திலேயே வரைபடம் வரையும் பலகையில், மூன்று கல்லைப் பார்த்துக் கோடு இழுத்தவன் எவனும் மூன்று கோடும் ஒரே புள்ளியில் சேர்ந்து பார்த்ததில்லை. நடுவே ஒரு சின்ன முக்கோணம் விழும். பிழை முக்கோணம் என்போம். ஒரு புள்ளியில் சேர்ந்துவிட்டதென்றால் ஒன்று அதிர்ஷ்டம், இல்லை என்றால் பக்கத்தில் நின்ற பையன் ரப்பரால் அழித்து வரைந்திருக்கிறான்.

நிலநடுக்கத்தில் அந்த முக்கோணம் கிலோமீட்டர் கணக்கில் விழும். முதலில் வந்து சேரும் பி அலை பூமியின் மேலோட்டில் விநாடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் ஓடும், அதற்கும் கீழே போனால் 8 கிலோமீட்டர். காகிதத்தில் அலை எந்த இடத்தில் எழும்புகிறது என்று பார்ப்பதில் ஒரு விநாடி தவறினால் ஆறேழு கிலோமீட்டர் போச்சு. இரைச்சலுக்கு நடுவே மெல்லத் தலைதூக்கும் அலையாக இருந்தால் ஒரு விநாடி தவறுவது ரொம்ப சுலபம். ஆகவே யாரும் வட்டம் வரைந்து பார்ப்பதில்லை. ஓர் இடத்தையும் நேரத்தையும் ஊகித்து, அங்கிருந்து ஒவ்வொரு நிலையத்துக்கும் அலை எப்போது போய்ச் சேரவேண்டும் என்று கணக்குப் போட்டு, வித்தியாசங்களின் வர்க்கங்களைக் கூட்டி, அந்தக் கூட்டல் குறையும்வரை ஊகத்தை நகர்த்திக்கொண்டே போவார்கள். கைகர் என்ற ஜெர்மானியர் 1910-இல் சொன்ன வழி. அடியில் இருப்பது காஸ் என்ற கணித மேதையின் குறைந்த வர்க்க முறை. காஸே ஹானோவர் நாட்டை முக்கோணம் முக்கோணமாக அளந்தவர்தான். எங்கள் ஆள் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

இப்போது அந்த எண்களை ஒவ்வொன்றாக. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது அஸிமுத்தல் கேப். மையத்தில் நின்றுகொண்டு சுற்றிப் பார்த்தால், அடுத்தடுத்த இரண்டு நிலையங்களுக்கு நடுவே இருக்கும் மிகப் பெரிய கோணம் எத்தனை டிகிரி என்பதுதான் அது. எல்லாத் திசையிலும் நிலையம் இருந்தால் எண் சிறியது. ஒரே பக்கம் குவிந்திருந்தால் பெரியது. 180-ஐத் தாண்டிவிட்டால் இடத்திலும் ஆழத்திலும் பிழை பெரிதாக இருக்கும் என்று யு.எஸ்.ஜி.எஸ் தன் விளக்கக் குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. இது எனக்குப் புதிதே இல்லை. முக்கோண அளவையில் எந்தக் கோணமும் 30 டிகிரிக்குக் குறையக்கூடாது, 120-க்கு மேல் போகக்கூடாது என்று பயிற்சிக் காலத்தில் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒல்லியான முக்கோணம் பொய் சொல்லும். நிலையங்கள் எல்லாம் மேற்கே இருந்தால் வடக்கு தெற்காக இடம் ஓரளவு நிற்கும், கிழக்கு மேற்காக வழுக்கிக்கொண்டு போகும்.

அந்தமானுக்கு இது சரியாகப் பொருந்தும். தீவுகள் வடக்கு தெற்காக ஒரு கோடு மாதிரி கிடக்கின்றன. இரண்டு பக்கமும் கடல். கடலில் நிலையம் வைக்க முடியாது என்றில்லை, ஆனால் நிலத்தில் வைப்பது மாதிரி சுலபமில்லை. சென்னைக்குக் கிழக்கே வங்கக் கடலில் வரும் நடுக்கங்களும் அப்படித்தான். 2019 பிப்ரவரியில் ஒருநாள் காலை ஏழு மணிக்கும், 2021 ஆகஸ்டில் ஒருநாள் மதியமும் சென்னையில் நாற்காலி ஆடியதென்று பலர் சொன்னார்களே, இரண்டும் நடுக்கடலில் வந்த ஐந்து அளவு நடுக்கங்கள். அந்த மாதிரி ஒன்றுக்கு 'ஃபேசஸ்' என்ற பட்டியலைத் திறந்து பாருங்கள். எந்தெந்த நிலையத்தில் அலை எப்போது எட்டியது என்று வரிசையாக இருக்கும். PALK என்று ஆங்கிலத்தில் நான்கெழுத்தில் ஒன்றைக் கண்டால், அது கண்டிக்குப் பக்கத்தில் பல்லேகலையில் இருக்கும் நிலையம். உலக வலையமைப்பைச் சேர்ந்தது. நம் கொடைக்கானலும் ஒருகாலத்தில் இப்படிப் பெயர் எடுத்ததுதான். 1960-களில் அணுகுண்டுச் சோதனைகளைக் கண்டுபிடிக்க அமெரிக்கா உலகம் முழுக்க ஒரே மாதிரிக் கருவிகளை வைத்தபோது, இந்தியாவில் தேர்ந்தெடுத்த இடங்களில் கொடைக்கானலும் ஒன்று.

ஆனால் இந்த எண்ணை மட்டும் நம்பினால் ஒரு சிக்கல் உண்டு. தூரத்தில் எங்கோ கிடக்கும் ஒரே ஒரு நிலையம் ஓட்டையை அடைத்துவிட்டால் கேப் அழகாகக் குறைந்துவிடும். அந்த ஒரு பதிவு கெட்டதாக இருந்தால் கதை கந்தல். அதனால் துல்லியத்தை ஆராய்கிறவர்கள் இரண்டாம் நிலை இடைவெளி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். எந்த ஒரு நிலையத்தைக் கழற்றினாலும் மிஞ்சக்கூடிய மிகப் பெரிய ஓட்டை எவ்வளவு என்று பார்ப்பார்கள். 2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு ஒரு கணக்கே போட்டுத் தந்தது. 250 கிலோமீட்டருக்குள் குறைந்தது பத்து நிலையம், அதில் ஒன்றாவது 30 கிலோமீட்டருக்குள், இடைவெளி 110 டிகிரிக்குக் கீழே, இரண்டாம் நிலை இடைவெளி 160-க்குக் கீழே. இத்தனையும் இருந்தால் இடம் 5 கிலோமீட்டருக்குள் சரி என்று நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நம்பிக்கையோடு சொல்லலாம். கவனியுங்கள், இத்தனை கட்டுப்பாட்டுக்குப் பிறகும் ஐந்து கிலோமீட்டர். அந்த இரண்டாம் நிலை இடைவெளி இந்தப் பக்கத்தில் இல்லை. இருந்திருக்கலாம் என்பது என் ஆசை. ஒரே எல்லைக் கல்லை நம்பி அளந்து நான் பட்ட பாட்டைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது ஆழம். இதில்தான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். கொஞ்ச நாள் தொடர்ந்து பார்த்தால் உங்களுக்கே ஒரு சந்தேகம் வரும். ஏன் இத்தனை நிலநடுக்கத்துக்கு ஆழம் சரியாக 10 கிலோமீட்டர்? பழைய பட்டியல்களில் ஏன் இத்தனை 33? பூமி அப்படி வட்ட எண்ணாகப் பார்த்து உடையுமா? உடையாது. பதிவுகளை வைத்து ஆழத்தைப் பிடிக்க முடியாதபோது நிபுணர்களே ஓர் எண்ணை ஆணியடித்து வைத்துவிட்டு மற்றவற்றைக் கணக்கிடுகிறார்கள். இந்த 10-ம் 33-ம் அந்த ஆணிகள். இதை அவர்கள் மறைக்கவில்லை, விளக்கக் குறிப்பில் இருக்கிறது. ஆனால் முதல் பக்கத்தில் '10.0 கி.மீ.' என்று தசமப் புள்ளியோடு பார்க்கிறவனுக்கு அது அளந்த எண்ணா ஆணியடித்த எண்ணா என்று எப்படித் தெரியும்? பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியாவது போடலாம்.

ஏன் ஆழம் இவ்வளவு கஷ்டம் என்று மருமகன் கேட்டார். கிணற்றை வைத்துச் சொன்னேன். கிணற்று விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தால் தண்ணீர் எத்தனை அடி என்று ஓரளவு சொல்லிவிடலாம். அடுத்த ஊரில் நின்றுகொண்டு அந்தக் கிணற்றின் ஆழத்தைச் சொல்லச் சொன்னால்? தூரத்து நிலையங்களுக்குப் போகும் அலைகள் எல்லாம் மையத்திலிருந்து ஏறக்குறைய செங்குத்தாகக் கீழே இறங்கித்தான் போகின்றன. நடுக்கம் கொஞ்சம் ஆழத்தில், கொஞ்சம் முன்னதாக நடந்திருந்தால் ஒரு மாதிரி. கொஞ்சம் மேலே, கொஞ்சம் பிந்தி நடந்திருந்தால் இன்னொரு மாதிரி. இரண்டுக்கும் அலை எட்டும் நேரம் ஏறக்குறைய ஒன்றே. கருவிக்கு வித்தியாசம் தெரியாது. அதனால்தான் 'மிக அருகிலிருந்த நிலையத்தின் தூரம்' என்ற எண்ணைப் பார்க்கச் சொல்கிறேன். அது சிறியதாக இருந்தால் ஆழத்தை நம்பலாம். நூறு கிலோமீட்டர் என்று இருந்தால், பத்து என்பதை ஒரு சம்பிரதாயமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தப்பிக்க ஒரு வழி உண்டு. மையத்திலிருந்து நேரே மேலே போய் நிலப்பரப்பில் மோதித் திரும்பி, முதல் அலைக்குப் பின்னாலேயே ஓடிவரும் ஓர் எதிரொலி அலை. அது எவ்வளவு பிந்தி வருகிறது என்று பார்த்தால் ஆழம் தெரிந்துவிடும். 600 கிலோமீட்டர் ஆழத்து நடுக்கம் என்றால் இரண்டு நிமிடத்துக்கு மேல் பிந்தும், தனியாகத் தெரியும். பத்து கிலோமீட்டர் என்றால் மூன்று விநாடி. முதல் அலையின் ஆட்டத்துக்குள்ளேயே கலந்துவிடும். கூட்டத்தில் கைதட்டுகிறவர்களுக்கு நடுவே எதிரொலியைத் தேடுவது மாதிரி.

நேர வித்தியாசம், அதாவது ஆர்.எம்.எஸ் என்று போட்டிருக்கும் எண். இதைப் பார்த்துத்தான் புதியவர்கள் மயங்குவார்கள். அரை விநாடிதான் வித்தியாசம், அப்படியென்றால் இடம் அவ்வளவு துல்லியம் என்று. இல்லை. அந்த எண் சொல்வது எல்லாப் பதிவுகளும் தங்களுக்குள் ஒத்துப்போகின்றன என்பதை மட்டுமே. தங்களுக்குள் ஒத்துப்போவதும் சரியாக இருப்பதும் வேறு வேறு.

இதற்கு என் கதையைச் சொல்லியாகவேண்டும். ஊர் பெயர் வேண்டாம். ஒரு தென்னந்தோப்பு வேலிப் பிரச்சினை. போய் எல்லைக் கல்லிலிருந்து அளந்தேன். அத்தனை அளவும் புத்தகத்தோடு ஒரு லிங்க் பிசகாமல் பொருந்தியது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கல் ஊன்றிவிட்டு வந்தேன். ஆறு மாதம் கழித்து அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர், "தம்பி, அந்தக் கல்லை உழவு ஓட்டுனப்ப டிராக்டர் தள்ளிடுச்சு, நாங்கதான் எடுத்து திரும்ப நட்டோம்" என்றார். நட்டவர்கள் நேராகத்தான் நட்டிருந்தார்கள், இடம்தான் வேறு. நான் அதே ஒரு கல்லிலிருந்து எல்லாவற்றையும் எடுத்ததால் எல்லாம் சேர்ந்தே நகர்ந்திருந்தன. தோப்புக்குள் எந்த மரத்துக்கும் எந்த மரத்துக்கும் உள்ள தூரம் துல்லியம். தோப்பே தள்ளி நின்றது.

நிலநடுக்கக்காரர்களுக்கும் இதே அனுபவம் உண்டு, என்னுடையதைவிடப் பெரிய அளவில். 1965 அக்டோபர் 29-ஆம் தேதி அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளில் ஆம்சிட்கா என்ற இடத்தில் அமெரிக்கா சுமார் 700 மீட்டர் ஆழத்தில் ஓர் அணுகுண்டை வெடித்தது. லாங்ஷாட் என்று பெயர். வெடித்த இடம் மீட்டர் கணக்கில் தெரியும், நேரம் நொடிப் பின்னம் வரை தெரியும். உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான நிலையங்கள் பதிவு செய்தன. பரீட்சைக்கு விடைத்தாள் முன்கூட்டியே கையில் இருப்பது மாதிரி. கணக்குப் போட்டுப் பார்த்தால் இடம் 20 கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே விழுந்தது. பதிவுகள் கெட்டுப்போகவில்லை, எண்ணிக்கையிலும் குறைவில்லை. காரணம் பூமிக்குள். அந்தத் தீவுகளுக்குக் கீழே பசிபிக் தட்டு வடக்கு நோக்கிச் சரிந்து இறங்குகிறது. குளிர்ந்த, கெட்டியான பாறை; அலை அதில் வேகமாக ஓடும். வடக்கே இருந்த நிலையங்களுக்கு அலை சீக்கிரம் போய்ச் சேர்ந்தது. சீக்கிரம் வந்ததால் பக்கத்தில்தான் நடந்திருக்கிறது என்று கணக்கு நினைத்துக்கொண்டு மையத்தை வடக்கே இழுத்துவிட்டது. எத்தனை நிலையம் கூட்டினாலும் இந்தப் பிழை குறையாது, ± எண்ணிலும் அது தெரியாது.

கணக்குக்கு அடியில் ஒரு மாதிரிப் பூமி இருக்கிறது. ஏகே135 என்று 1995-இல் செய்தது. ஆழத்துக்கு ஆழம் வேகம் மாறும், ஆனால் ஒரே ஆழத்தில் உலகம் முழுக்க ஒரே வேகம், வெங்காயத்தின் அடுக்கு மாதிரி. நல்ல வெங்காயம்தான். ஆனால் அந்தமானுக்கு அடியில் இந்தியத் தட்டு கிழக்கே சரிந்து இறங்கிக்கொண்டிருக்கிறது, வெங்காயத்துக்குள் கத்தி செருகின மாதிரி. அதனால் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் வரும் நடுக்கங்களுக்கு ± ஏழு என்று போட்டிருந்தால் நான் மனதுக்குள் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்வேன். 1802-இல் லாம்டன் என்ற ஆங்கிலேய சர்வேயர் இந்தியாவை முக்கோணங்களாக அளக்கப் பரங்கிமலையிலிருந்து அடிக்கோடு அளந்தபோது, சங்கிலி வெயிலில் நீளும் என்று பக்கத்தில் வெப்பமானி வைத்துத் திருத்தம் போட்டுக்கொண்டே போனார். பூமிக்குள் சங்கிலி எங்கே நீண்டது எங்கே சுருங்கியது என்று பார்க்க வெப்பமானி வைக்க முடியாது.

யு.எஸ்.ஜி.எஸ் மீது எனக்கு இருக்கும் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, இடத்தை மூன்று தசம இலக்கத்தில் கொடுக்கிறார்கள். டிகிரியில் ஆயிரத்தில் ஒன்று என்றால் தரையில் சுமார் 111 மீட்டர். பக்கத்திலேயே ± பல கிலோமீட்டர் என்று போட்டுவிட்டு நூறு மீட்டர் வரைக்கும் எழுதுவானேன்? பயிற்சியில் நான் இப்படி எழுதியிருந்தால் நோட்டைத் திருப்பி எறிந்திருப்பார்கள். கணினிக்கு வேண்டுமென்றால் இருக்கட்டும், மனிதன் பார்க்கும் பக்கத்தில் வேண்டாம்.

இரண்டு, அந்த ± ஒரே எண். உண்மையில் பிழை வட்டமாக இருக்காது, நீள்வட்டமாக இருக்கும். நிலையம் நிறைய இருக்கும் திசையில் ஒடுங்கியும், ஓட்டை இருக்கும் திசையில் நீண்டும். அதில் மிக நீண்ட பக்கத்தை மட்டும் இங்கே எண்ணாகக் கொடுக்கிறார்கள். எந்தத் திசையில் நீண்டிருக்கிறது என்பது பக்கத்தில் இல்லை. வரைபடத்தில் நட்சத்திரத்துக்குப் பதிலாக அந்த நீள்வட்டத்தைப் போட்டுவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். இரண்டு நிறுவனங்கள் ஒரே நடுக்கத்துக்கு இரண்டு இடம் சொன்னால் உடனே வாட்ஸ்அப்பில் 'யார் சொல்வது உண்மை' என்று ஆரம்பிக்கிறார்கள். வேறு வேறு நிலையங்கள், வேறு வேறு மாதிரிப் பூமி, வேறு ஆழம் என்றால் இடம் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் மாறத்தான் செய்யும். இரண்டு வட்டங்களையும் வரைந்து பாருங்கள், அநேகமாக ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லியிருப்பார்கள்.

இன்னொன்று குறை என்று சொல்ல முடியாது, எச்சரிக்கை. நட்சத்திரம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அது உடைப்பு தொடங்கின இடம்தான். 2004 டிசம்பர் 26-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த மையப்புள்ளி சுமத்ராவின் வடமேற்குக் கரைக்கு அருகே. போர்ட் பிளேருக்குக் கிட்டத்தட்ட ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே. அந்தப் புள்ளியை மட்டும் பார்த்தால் எங்கோ நடந்தது என்று தோன்றும். ஆனால் உடைப்பு அங்கே தொடங்கி வடக்கே 1,200 கிலோமீட்டருக்கும் மேல் கிழித்துக்கொண்டு வந்தது, பல நிமிடங்களுக்கு. நிக்கோபாரைத் தாண்டி அந்தமானுக்கு அடியிலேயே ஓடியது. போர்ட் பிளேரில் தரையே சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்தது. தெற்கே இந்திரா முனையில் நான்கு மீட்டருக்கும் மேல் இறங்கி, கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலுக்குள் போனது. அப்படிப்பட்ட ஒன்றுக்கு இடப்பிழை பத்து கிலோமீட்டரா இருபதா என்பதே அர்த்தமில்லாத கேள்வி. பெரிய நடுக்கங்களுக்கு இந்தப் பக்கத்திலேயே 'ஃபைனைட் ஃபால்ட்' என்று உடைப்பின் பரப்பைக் காட்டும் படம் தனியாக வரும். ஏழுக்கு மேல் என்றால் நட்சத்திரத்தை விட்டுவிட்டு அதைப் பாருங்கள்.

பொறுமை இருக்கிறவர்களுக்கு இங்கிலாந்தில் தாட்சம் என்ற ஊரிலிருக்கும் பன்னாட்டு நிலநடுக்கவியல் மையத்தையும் சிபாரிசு செய்வேன். 1964-லிருந்து பதிவு தொகுக்கிறார்கள். உலகத்தில் யார் யார் என்ன இடம் சொன்னார்கள் என்று எல்லாவற்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டு, நீள்வட்டத்தின் இரண்டு அச்சு, அது சாய்ந்திருக்கும் திசை எல்லாம் கொடுப்பார்கள். ஆழம் ஆணியடித்ததா என்றும் குறித்திருப்பார்கள். பார்க்க அரசு கெஜட் மாதிரி இருக்கும், போனில் திறக்காதீர்கள். நிபுணர்கள் சரிபார்த்த முடிவு வர ஏறத்தாழ இரண்டு வருடம் ஆகும். யு.எஸ்.ஜி.எஸ் சில நிமிடத்தில் தருவதற்கும் இவர்கள் இரண்டு வருடம் கழித்துத் தருவதற்கும் நடுவே இருப்பது வேகத்துக்கும் உறுதிக்கும் உள்ள பழைய பேரம்தான்.

அவசரத்தில் பார்க்கிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். 'ஆட்டோமேட்டிக்' என்று போட்டிருந்தால் இயந்திரம் மட்டும் பார்த்தது, 'ரிவ்யூட்' என்று மாறினால் ஆள் பார்த்தாகிவிட்டது. போன மழைக்காலத்தில் மகள் அழைத்தபோது முதலில் வந்த இடத்தை டைரியில் குறித்துவைத்தேன். அரை மணி கழித்துப் பார்த்தால் புள்ளி வடகிழக்கே நகர்ந்திருந்தது. கிராஃப் தாளில் இரண்டையும் குறித்து, காம்பஸை ± அளவுக்கு விரித்து வட்டம் போட்டேன். ஒன்றையொன்று தாராளமாக வெட்டிக்கொண்டன. இரண்டு வட்டத்துக்கும் பொதுவான பகுதியில் கடலும் ஒரு தீவின் ஓரமும் இருந்தன. போனில் அதைச் சொன்னேன். "அப்ப நம்ம வீட்டுக்குக் கீழயா இல்லையாப்பா?" என்றாள். வீடு வட்டத்துக்கு வெளியே, நாற்பது கிலோமீட்டராவது தள்ளி என்றேன். "அதை முதல்ல சொல்லக்கூடாதா" என்று போனை வைத்துவிட்டாள்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். நீள்வட்டத்தை வரைபடத்தில் போடுகிற அன்றைக்கு ஐந்தாவதைத் தருகிறேன். மழைக்கால நடுக்கத்தின் இடத்தை டைரியில் இன்னும் பென்சிலில்தான் வைத்திருக்கிறேன். தாட்சத்துக்காரர்கள் முடித்த பிறகு மை போட்டுக்கொள்ளலாம்.